கங்காணியின் ஞானப் பிள்ளைகள்

லிப்ராதா ஒச்சோவாவை எங்கள் குழுவில் யாரும் நம்பவில்லை. நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பவில்லை. எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் புருஷன் சொல்வான். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் குனிந்து குனிந்தே வயதான பொம்பளைக்குச் சந்தேகப் புத்தி இல்லையென்றால் அவளுக்குப் புத்தியே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

எல்லை தாண்டி நாங்கள் பிழைக்க வந்த சாலினாஸ் பக்கத்தில் விடிகாலையில் கடல் மூடுபனி பாத்திகளின் மேல் படுத்திருக்கும். அதற்குள் நாங்கள் இறங்கிவிடுவோம். தலையில் தொப்பி, தொப்பிக்கடியில் ஒரு துணி, கண்ணுக்குக் கீழே முகத்தைச் சுற்றி இன்னொரு கைக்குட்டை. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் முடிந்து பின்பக்கம் தொங்கவிட்டுக்கொள்வோம். முகத்துணி எதற்கென்று யாராவது கேட்டால் வெயிலுக்கு, மருந்துக்கு, தூசிக்கு என்போம். ஸ்வெட்டர் எதற்கென்று கேட்டால் பதில் சொல்வதில்லை. குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும்.

லிப்ராதா எங்கள் நாட்டு மிச்சோவாகான் மலைப்பக்கத்து ஊர்க்காரி. அவளை வயிற்றில் பிள்ளையோடு இங்கே விட்டுவிட்டு அவள் புருஷன் ஆப்பிள் பறிக்க வடக்கே போனான். போனவன் போனவன்தான். அந்தப் பிள்ளை சித்லாலி அந்த வருஷம், எங்கள் வழக்கப்படி கோயிலில் ஊரைக் கூட்டிக் கொண்டாடும் பதினைந்தாவது பிறந்தநாளை எதிர்பார்த்து நிற்கிற குமரி. எங்களில் யாரும் லிப்ராதாவின் வேகத்துக்குப் பழம் பறித்ததில்லை, யாரும் அவளைப் போல் வாயை மூடிக்கொண்டு இருந்ததுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்தால் அவள் முதலில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ஒரு தோர்த்தியா ரொட்டியைக் கொண்டுபோய்க் கங்காணியிடம் கொடுத்துவிட்டுத்தான் தன் பொட்டலத்தைப் பிரிப்பாள். இதைப் பார்த்தும் சந்தேகப்படாமல் இருக்க நான் என்ன மண்சட்டியா?

கங்காணியின் பெயர் தொன் எவாரிஸ்தோ. வெள்ளைத் தொப்பி, பளபளவென்று கழுவிய பிக்கப் வண்டி, பாதிரியாரைவிட இனிமையான சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் நின்றானென்றால் குழந்தைகள் வந்து மொய்த்துக்கொள்ளும். எங்கள் குழுவில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவன்தான் ஞானத்தந்தை. ஞானஸ்நானம் முடிந்து வெளியே வந்ததும் வழக்கப்படி அவன் கைநிறையச் சில்லறையை வாரி இறைப்பான், பிள்ளைகள் விழுந்து பொறுக்கும். "தங்கமான மனுஷன்," என்று கிழவிகள் சொல்வார்கள்.

பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நின்றவன் பெற்றவளுக்குக் கொம்பாத்ரே ஆகிறான். அவள் அவனுக்குக் கொமாத்ரே. அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளலாம், கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் முகம் கோணக்கூடாது. வீட்டில் அடுப்பு கொஞ்சம் பெரிதாக எரிந்தால் அங்கே ஒரு தட்டு போயாக வேண்டும். நானும் என் புருஷனும் அல்லேலூயா சபை. எங்களில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஞானப்பெற்றோரும் கிடையாது. என் புருஷன் அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். ஆகவே இந்த உறவுமுறையெல்லாம் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான்.

வெளியே நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. கழிப்பறையைப் பாத்திக்கு அவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார்களே என்று நாங்கள் முனகினால் மறுநாள் அது கங்காணிக்குத் தெரிந்திருக்கும். லிப்ராதாவுக்குச் சேறு நிறைந்த பாத்தி விழுந்ததே இல்லை. "கொமாத்ரே" என்று அவன் தொப்பியைத் தொட்டுத்தான் அவளிடம் பேசுவான். நாங்கள் அவளுக்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தோம், கங்காணியின் காது.

அந்த வசந்தத்தில் யூரிதியா வந்து சேர்ந்தாள். குவெரேரோவிலிருந்து வந்த சின்னப் பெண். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர் யாரும் இந்தப் பக்கம் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே பழம் பறிப்பாள். ஒருநாள் எவாரிஸ்தோ வண்டியை அவள் பாத்தி ஓரம் நிறுத்தி, "கடைசிப் பாத்தியில பெட்டி அடுக்கணும், ஏறு பொண்ணே," என்றான். ஏறினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கைக்குட்டை இல்லை. யாரையும் பார்க்காமல் பாத்தியில் குனிந்தாள். பாட்டு நின்றுவிட்டது. கடைசிப் பாத்திக்குப் பக்கத்துத் தண்ணீர் டிரம்மில் நீர் பிடிக்கப் போயிருந்த லிப்ராதா அப்போதுதான் திரும்பி வந்தாள். நேராக யூரிதியாவிடம் போய், தன் தலைத்துணியை அவிழ்த்து, அந்தப் பெண்ணின் முகத்தில் கட்டிவிட்டாள்.  வாயைக் கட்டுகிறாள் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கடையில், மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி யூரிதியா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. சோப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.  வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்வதற்கு ஒருத்தி இருந்தாள். கிரிசெல்தா என்று ஒரு பெண், தோட்டக்காரப் பொம்பளைகளின் உரிமைக்காக ஒரு சங்கம் நடத்துகிறவள், ஞாயிறுதோறும் அதே கடைக்கு வந்து எங்களோடு துணி மடித்துக்கொண்டே பேசுவாள். அவள் அம்மா லெட்டூஸ் கீரை வெட்டியவளாம். நான் அவளையும் நம்பவில்லை.

"துவைக்கத் துணியே கொண்டுவராம வாராவாரம் வர்றியே, உனக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா முகத்துல இருந்த துணி எதுக்குன்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது, தோன்யா செனாய்தா. லாபம் ஒண்ணுமில்ல. கோவந்தான்," என்றாள்.

கோபம் என்றால் எனக்குப் புரியும். யூரிதியாவை அவளிடம் கூட்டிப் போனேன். கேட்டுவிட்டு கிரிசெல்தா சொன்னாள்: "புகார் கொடுக்கலாம். இந்த நாட்டுல இருக்கறதுக்குக் காகிதம் இருக்கோ இல்லையோ, சட்டம் இந்தப் பொண்ணுக்கும் உண்டு. ஆனா அவன் இல்லவே இல்லைன்னு சொல்லுவான். கம்பெனி அவன் பக்கம் நிக்கும். பார்த்தவங்க யாராவது வாயைத் திறக்கணும்."

"பார்த்தவ ஒருத்திதான். அவ அவனோட காது," என்றேன்.

எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசலாம் என்று முடிவாயிற்று. ஆனால் எங்கே கூடுவது? யார் வீட்டு வாசலில் நாலு கார் நின்றாலும் எவாரிஸ்தோ கேட்பான். அப்போது ரெமே ஒரு வழி சொன்னாள். ரெமே எங்கள் குழுவில் பழைய ஆள், பெரிய வாய்க்காரி. அவள் மகனுக்கும் எவாரிஸ்தோதான் ஞானத்தந்தை. ஆனாலும் பெரிய வாய்க்காரிகளை நான் நம்புவேன், அவர்கள் மனதில் இருப்பது ஊருக்கே தெரியும்.

"எங்க வீட்டுல செத்த சொந்தக்காரருக்கு ஜெபமாலைன்னு சொல்லிடலாம். ஜெபமாலைக்குப் போறவளை எவன் நிறுத்துவான்?" என்றாள்.

"நான் அல்லேலூயாக்காரி. ஜெபமாலைக்கு வந்தா என் பாஸ்டர் என்னை நிறுத்துவாரே?"

"நீ வாயை மூடிக்கிட்டு உக்காரு. மாதா உன்னைப் பாத்துக் கும்பிடு போடுவா."

சிரித்துக்கொண்டே கலைந்தோம். சனிக்கிழமை மாலை ரெமே வீட்டில் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிந்தது. சமையலறையில் பெரிய பானையில், சோள மாவில் கறி பொதிந்து இலையில் சுற்றிய தமால்கள் வெந்துகொண்டிருந்தன. வந்தவர்களில் லிப்ராதாவைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெமேதான் அழைத்தாளாம். பார்த்தவளை அழைக்காமல் கூட்டம் எதற்கு என்றாள். லிப்ராதா கதவோரம் உட்கார்ந்தாள்.

கிரிசெல்தா பேசினாள். கடைசியில், "பார்த்தவங்க யாராவது இருந்தா இங்கயே சொல்லலாம். பேர் வெளிய போகாது," என்றாள். எல்லார் கண்ணும் கதவோரம் போயிற்று.  லிப்ராதா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், சட்டென்று எழுந்தாள், சால்வையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

"போறா பாரு காது," என்றேன்.

திங்கட்கிழமை காலை எவாரிஸ்தோ பாத்தி பாத்தியாக நடந்து வந்தான். ரெமேயின் பக்கத்தில் நின்று தொப்பியைத் தூக்கினான். "ஜெபமாலை நல்லா நடந்துச்சா, கொமாத்ரே? செத்தது யாருன்னு எனக்கு யாருமே சொல்லலையே. அந்தச் சங்கத்துக்காரியோட கார்கூட நின்னுச்சு. அவ எப்ப ஜெபம் சொல்லக் கத்துக்கிட்டா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு யூரிதியாவைப் பார்த்து, "உனக்கு நாளையிலேருந்து வேலை இல்ல பொண்ணே. ஆள் கூடிப்போச்சு," என்றான். பழம் பழுத்து அழுகுகிற பருவம். ஆள் கூடிப்போச்சாம்.

சாப்பாட்டு நேரத்தில் நான் நேரே லிப்ராதாவிடம் போனேன். அவள் வழக்கம்போல ஒரு தோர்த்தியாவைக் கையில் வைத்திருந்தாள்.

"அதைக் கொண்டுபோய்க் குடு. கூடவே நாங்க இப்ப என்ன பேசறோம்னும் சொல்லிடு. அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சுட்டியேடி," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தட்டு எங்க போச்சுன்னு ரெமேகிட்டக் கேளு," என்றாள். அவ்வளவுதான்.

ரெமேயிடம் கேட்டேன். ரெமேயின் முகம் வெளுத்தது.

"தமால் பண்ணினேன்ல," என்று இழுத்தாள். "வீட்டுல தமால் வெந்தா கொம்பாத்ரேக்கு ஒரு தட்டு அனுப்பாம எப்படி இருக்கறது? என் பொண்ணுகிட்டக் குடுத்தனுப்பினேன். எப்பவும் அனுப்பறதுதானே?"

"அடிப் பாவி. அவனுக்குத் தெரியாம கூட்டம் போட்டுட்டு, அந்தக் கூட்டத்துச் சாப்பாட்டை அவனுக்கே அனுப்பினியா?"

"அனுப்பலேன்னா மரியாதையில்லாதவள்னு நினைச்சுடுவாருல்ல," என்றாள் ரெமே. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, தலையில் அடித்துக்கொண்டாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்து கார்களைப் பார்த்திருக்கிறான். சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

ஆனாலும் லிப்ராதா மேல் என் சந்தேகம் போகவில்லை. தட்டு போனது இவளுக்கு எப்படித் தெரியும்? சால்வையை விட்டுவிட்டு எங்கே ஓடினாள்? ரெமே முட்டாள் என்பதால் லிப்ராதா நல்லவள் ஆகிவிடுவாளா?

கிரிசெல்தா புகார் கொடுத்தாள். யூரிதியா தைரியமாகக் கையெழுத்துப் போட்டாள். வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் அவள் கிளம்பிப் போகவேண்டியதுதான், போனால் எவாரிஸ்தோ ஜெயித்த மாதிரி, அடுத்த வசந்தத்தில் இன்னொரு சின்னப் பெண் வண்டியில் ஏறுவாள். எங்களிடம் சாட்சி யாரும் இல்லாமலே விசாரணை நாள் வந்துவிட்டது.

நகரத்தில் அரசு அலுவலகத்தின் மாடியில் ஒரு அறை. கண்ணாடி போட்ட அதிகாரியம்மா, மொழிபெயர்க்க ஓர் இளம்பெண், கம்பெனி வக்கீல். வேலையை விட்டுவிட்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே எவாரிஸ்தோவின் பிக்கப் வந்து நின்றது. அவன் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட, லிப்ராதா இறங்கினாள். கோயிலுக்குப் போடும் நீல உடை. அவன் தரப்புச் சாட்சியாக வந்திருக்கிறாள்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று ரெமேயின் தொடையில் கிள்ளினேன்.  அவள் என் கையை விலக்கிவிட்டுக் கதவையே பார்த்தாள்.

யூரிதியா சொன்னாள், எவாரிஸ்தோ மறுத்தான். பிறகு ஒரு உறையிலிருந்து ஃபோட்டோக்களை எடுத்து மேஜையில் சீட்டு பரப்புவதுபோல் பரப்பினான். எல்லாம் ஞானஸ்நானப் படங்கள். வெள்ளை உடையில் குழந்தை, பக்கத்தில் அவன், பக்கத்தில் தாய்.

"அம்மா, நான் படிக்காதவன். ஆனா இதைப் பாருங்க. இந்தக் குழுவில இருக்கற பொம்பளைங்க தங்களோட பிள்ளைங்களை என் கையில குடுத்திருக்காங்க. யாரும் கட்டாயப்படுத்தல. கெட்டவன் கையில எவளாவது பிள்ளையைக் குடுப்பாளா? என் கொமாத்ரே வந்திருக்காங்க, அவங்களையே கேளுங்க."

நல்ல கேள்விதான். 

அதிகாரியம்மா கேட்டாள், "உங்கள் மகளுக்கு ஞானத்தந்தையாக இருக்கும்படி நீங்களாகவே இவரைக் கேட்டீர்களா?"

"நானாத்தான் கேட்டேன்," என்றாள் லிப்ராதா. "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இவரு வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்டேன்."

எவாரிஸ்தோ நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"ஏன் இவரை?"

லிப்ராதா கைகளை மடியில் வைத்தாள். வெயில் படாத அவள் கன்னமும் கறுத்த நெற்றியும் இரண்டு ஆட்களுடையவை மாதிரி இருந்தன. அத்தனை வருஷத்தில் அவள் முழு முகத்தை நான் பார்த்தது குறைவு.

"மொத வருஷம் என்னையும் கடைசிப் பாத்திக்குக் கூட்டிட்டுப் போனாரு. வயித்துல பிள்ளை இருந்துச்சு. அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போனாரு. கேக்கறதுக்கு ஆள் இல்ல. வேலையை விட்டா சோறு இல்ல. பிள்ளை பிறந்ததும் யோசிச்சேன். எங்க பக்கத்துல கொமாத்ரே மேல கை வச்சவனுக்கு மன்னிப்பே கிடையாது. செத்தாலும் மண்ணு அவனை ஏத்துக்காதும்பாங்க. கொலைகாரன்கூட அதுக்குப் பயப்படுவான். அதனாலதான் இவரைக் கேட்டேன். ஞானஸ்நானம் ஆன நாள்லேருந்து இவரு என்னைத் தொடல."

மொழிபெயர்த்த பெண் நடுவில் நின்று தண்ணீர் குடித்தாள். லிப்ராதா காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"மேயற மாட்டையே பிடிச்சு வேலியாக் கட்டினேன். எனக்கு அப்ப வேற வேலி கிடைக்கல. அடுத்து ரெமே வந்தா. அவ நடந்து வந்ததைப் பாத்தே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சீக்கிரம் ஞானஸ்நானம் வை, அவரையே கேளுன்னு சொன்னேன். அவ அடுத்தவளுக்குச் சொன்னா. அந்தப் படத்துல இருக்கற பிள்ளைங்க எல்லாம் இப்படி வந்ததுதான். தினம் மொத தோர்த்தியா குடுக்கறதும் அதுக்குத்தான். நான் உன் கொமாத்ரேன்னு தினம் ஞாபகப்படுத்தணும்ல." அவள் திரும்பி யூரிதியாவைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்குப் பிள்ளை இல்ல. அவரைக் கேக்க அவகிட்ட ஒண்ணும் இல்ல. நான் தண்ணி பிடிக்கப் போனப்ப வண்டியில நடந்ததைப் பாத்தேன். அவ கைக்குட்டை இன்னும் அந்த வண்டி சீட்டுக்கு அடியிலதான் கெடக்குது. இப்ப வரும்போதும் பாத்தேன்."

  ஊரே தங்கமான மனுஷன் என்று சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பொம்பளை தன் குழந்தையைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு அந்தக் கோயிலில் நின்றிருக்கிறாள். புருஷன் அதே தோட்டத்தில் இருந்ததால் தப்பிய நான் வெளியே நின்று அந்தத் தோர்த்தியாவைக் குறை சொல்லியிருக்கிறேன்.

யாரும் கூப்பிடாமலே ரெமே எழுந்து மேஜைக்குப் போனாள். ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். "இது என் பையன்," என்றாள். அந்தப் பெரிய வாயிலிருந்து அதற்குமேல் வரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். "இது என் மக." அப்புறம் இன்னொருத்தி. எவாரிஸ்தோ அவசரமாகப் படங்களை வாரப் போனான். அதிகாரியம்மா அவற்றின் மேல் கையை வைத்து, "இவை இங்கேயே இருக்கட்டும்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்ப லிப்ராதாவுக்கு வண்டி இல்லை. நாங்கள் வந்த காரில் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"அவன் வண்டியில ஏன்டி வந்தே?"

"நீங்க எல்லாரும் என்னை நம்பல. அவரு நம்பினாரு. அதைக் கெடுக்காம இருந்தாத்தான் சாட்சியாக் கூட்டிட்டு வருவாருன்னு வந்தேன்."

"அன்னிக்கு ஜெபமாலையிலேருந்து எங்க ஓடினே?"

"தட்டுக்குப் பின்னாடி. ரெமே பொண்ணு சைக்கிள்ல போயிட்டா. எட்டிப் பிடிக்க முடியல."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ சந்தேகப்பட்டியே தவிர, கேக்கலையே," என்றாள்.

யூரிதியாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எவாரிஸ்தோ 'தானாகவே விலகிக்கொண்டான்' என்று கம்பெனி சொன்னது. தெற்கே லெட்டூஸ் தோட்டத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், இருக்கும். இப்போது வந்திருக்கிற கங்காணி தொப்பி போடுவதில்லை, சிரிப்பதுமில்லை. அவனையும் நான் நம்பவில்லை.

சித்லாலியின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு எவாரிஸ்தோதான் கையைப் பிடித்து அழைத்து வருவதாக இருந்தது. அந்த இடம் காலியாயிற்று. ஒருநாள் லிப்ராதா ஒரு தோர்த்தியாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அந்த விழாவுல என் மகளுக்கு நீ ஞானத்தாயா நிக்கணும்."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. "எங்க சபையில இதெல்லாம் கிடையாதுன்னு தெரியும்ல? ரெமேயைக் கேக்கறதுதானே?"

"தெரியும். உங்கிட்ட எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. பயமில்லாம ஒருத்தரைக் கேட்டா எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

பாஸ்டரிடம் நான் என்ன சொன்னேன் என்பது என் விஷயம். நின்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லிப்ராதாவும் கிரிசெல்தாவோடு பக்கத்து ஊர்களின் துணி துவைக்கும் கடைகளுக்குப் போகிறாள். சில நாள் நானும் போகிறேன். கிரிசெல்தா சட்டம், உரிமை என்று ஆரம்பித்தால் பொம்பளைகள் மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். லிப்ராதா பேசவே மாட்டாள், துணி மடிக்க உதவுவாள். போன வாரம் ஒரு சின்னப் பெண்ணோடு குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க கங்காணி எப்படி?"

"ரொம்ப நல்லவரு," என்றாள் அந்தப் பெண், கண்ணைத் தூக்காமலே. "எங்க குழுவில எல்லாப் பிள்ளைக்கும் அவருதான் ஞானத்தந்தை."

லிப்ராதா கையிலிருந்த சின்னச் சட்டையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.